கார் இல்லாமல், வாரநாளில், கிருஷ்ணகிரியிலிருந்து பனிமலைக்கு

கிருஷ்ணகிரியில் குடியிருந்து ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்ப்பதாகவும், செவ்வாயும் புதனும்தான் உங்களுக்கு வார ஓய்வு என்றும், சொந்தக் கார் இல்லை, கார் ஓட்டவும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் சனி, ஞாயிறு கூட்டத்தில் மாட்டாமல் வாரநாட்களிலேயே ஸ்னோபோர்டிங் பயணம் போய்வர முடியுமா, அதற்கு ஓட்டுநருடன் ஒரு வண்டியை முழுப் பயணத்துக்கும் அமர்த்தியாக வேண்டுமா என்பது உங்கள் கேள்வி. நான் புரிந்துகொண்ட வரையில், வண்டி இதில் சின்ன விஷயம். கையில் இருக்கும் சில நாட்களில் எத்தனை மணி நேரம் உங்கள் கால் பனியின் மேல் நிற்கும், அந்த நேரம் ஒரு புதியவர் பலகையைத் திருப்பக் கற்றுக்கொள்ளப் போதுமா என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள். பதிலையும் அந்தக் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

நான் தருமபுரி மாவட்டத்துக்காரன். ராணுவத்தில் இருந்தபோது காஷ்மீரின் குல்மார்கில் உள்ள உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியில் ஸ்கீ பழகினேன். ஓய்வு பெற்ற பிறகு குளிர்காலத்தில் நம் பக்கத்து இளைஞர்களைச் சிறு குழுக்களாக அழைத்துச் சென்று வருகிறேன். எனக்கு முறையான பயிற்சி இருப்பது இரட்டைப் பலகையான ஸ்கீயில்தான். ஒற்றைப் பலகையான ஸ்னோபோர்டை நடுவயதுக்கு மேல் கற்றவன் நான். ஆகவே பயணம், பனி, பாதுகாப்பு ஆகியவை பற்றி நான் சொல்வதை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். பலகை நுட்பம் பற்றிச் சொல்வதை உங்களுக்கு முன்பே சேர்ந்த ஒரு மாணவன் சொல்வதாக எடுத்துக்கொண்டு, மற்றதை அங்குள்ள பயிற்றுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் கார். கிருஷ்ணகிரி வழியாக ஓடும் தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகரில் போய் முடிகிறது. ஆக, உங்கள் ஊர்ச் சாலையே நேராகப் பனிக்குப் போகும் சாலைதான். ஆனால் சொந்தக் கார் வைத்திருப்பவர்கூட அதை ஓட்டிக்கொண்டு காஷ்மீர் வரை போக மாட்டார், போனாலும் ஜம்முவைத் தாண்டி ராம்பன், பனிஹால் பகுதியில் மண் சரிந்தால் நாள் கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். பெரும்பாலான பயணிகள் விமானத்திலோ ரயிலிலோ போய் இறங்கி, கடைசித் துண்டை உள்ளூர் வண்டியில்தான் கடக்கிறார்கள். எனவே கார் இல்லாததால் நீங்கள் இழப்பது எதுவும் இல்லை. முழுப் பயணத்துக்கும் வண்டியை அமர்த்துவது வீண் செலவு. சறுக்கும் நாட்களில் அது ஓட்டல் வாசலில் பனி மூடிக் கிடக்கும். அந்தப் பணத்தைச் சரிவுக்குப் பக்கத்தில் தங்குவதற்கும் பயிற்றுநருக்கும் செலவிடுங்கள்.

அடுத்தது நாட்கள். செவ்வாய், புதன் ஆகிய இரண்டு நாட்களுக்குள் இந்தப் பயணம் அடங்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு நாள் விடுப்பு சேர்த்து நான்கு நாளாக்கினாலும் போகவும் வரவும் இரண்டு நாள் கழிந்து, சறுக்க இரண்டு நாள்தான் மிஞ்சும். அந்த இரண்டில் ஒன்றைப் பனிப்புயலோ விமானத் தாமதமோ எடுத்துக்கொண்டால் படம் எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். உங்கள் வார ஓய்வின் அமைப்பு ஒரு நல்ல வழியைத் தருகிறது. ஒரு வாரத்துச் செவ்வாய், புதனையும் அடுத்த வாரத்துச் செவ்வாய், புதனையும் இணைத்து, இடையில் வரும் வியாழன் முதல் திங்கள் வரை ஐந்து நாள் ஈட்டிய விடுப்பு எடுத்தால் ஒன்பது நாள் தொடர்ச்சியாகக் கிடைக்கும். முதல் செவ்வாய் பயணம். புதன், வியாழன், வெள்ளி மூன்றும் கூட்டம் குறைந்த நாட்கள். அவைதான் உங்கள் பாடத்துக்கு உரியவை. சனிக்கிழமை கூட்டம் ஏறும்போது உடம்பும் ஓய்வு கேட்கும், அன்று பலகையைத் தொடாமல் இருந்துவிடலாம். ஞாயிறு காலை மீண்டும் சரிவு, திங்கள் ஸ்ரீநகருக்கு இறக்கம், இரண்டாம் செவ்வாய் விமானம். கடைசிப் புதனைக் காலியாக விடுங்கள். அது வீணாகும் நாள் என்று நினைத்து இன்னொரு நாள் சறுக்கலாம் என்று இழுத்தவர்கள்தான் வேலைக்குத் தாமதமாகத் திரும்பியிருக்கிறார்கள்.

நான்கு நாளாவது சரிவில் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்னோபோர்டில் முதல் இரண்டு நாள் மிகக் கடினம், மூன்றாம் நாளுக்கு மேல்தான் அது விளையாட்டாக மாறத் தொடங்கும். ஸ்கீயில் இது கிட்டத்தட்டத் தலைகீழ். முதல் நாள் முன்காலை மட்டும் பட்டையில் கட்டிக்கொண்டு, பின்காலால் உந்தி உந்திச் சமதளத்தில் நகரப் பழக்குவார்கள். பிறகு மேட்டில் பனிமேல் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றாமல் பின்காலின் பட்டையைப் பூட்டின் பற்களுக்குள் செருகி, கிளிக் கிளிக் என்று இறுக்க வேண்டும். எழுந்து நிற்பதற்கே தொடை நடுங்கும். குதிகால் பக்க விளிம்பைப் பனியில் அழுத்தி, பலகையைக் குறுக்காக வைத்துக்கொண்டு மெல்ல வழுக்கி இறங்குவதே முதல் நாளின் முழுப் பாடம். இரண்டாம் நாள் விரல் பக்க விளிம்பு. மலையைப் பார்த்து நின்று முதுகுப்பக்கமாக இறங்க வேண்டும் என்பதால் இதில்தான் பலர் பயந்து நின்றுவிடுகிறார்கள். இரண்டு விளிம்புகளையும் கோத்து வளைந்து வளைந்து இறங்குவது சிலருக்கு மூன்றாம் நாள் மாலையிலேயே வந்துவிடும், சிலருக்கு ஐந்தாம் நாளிலும் வராது. யாருக்கு எப்போது வரும் என்று முன்கூட்டிச் சொல்ல எந்தப் பயிற்றுநராலும் முடியாது. இரண்டாம் நாளோடு ஊர் திரும்புகிறவருக்கு வலி மட்டும் மிஞ்சும் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இனி, எங்கே போவது. இந்தியாவில் உங்களுக்குப் பயன்படக்கூடியவை உத்தராகண்டில் ஔலி, இமாசலத்தில் மணாலிக்கு அருகிலுள்ள சோலாங், காஷ்மீரில் குல்மார்க் ஆகிய மூன்று. ஔலி அழகான சரிவு. ஆனால் டேராடூனில் விமானம் இறங்கி, ரிஷிகேஷில் இரவு தங்கி, விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் மலைச்சாலையில் பகல் முழுவதும் போனால்தான் ஜோஷிமட் வரும். அங்கிருந்து மேலே போகும் ரோப்வே 2023 ஜனவரியில் நிலம் தாழ்ந்த பிறகு நிறுத்தப்பட்டது. போக இரண்டு நாள், வர இரண்டு நாள் என்றால் உங்கள் ஒன்பதில் நான்கு சாலையிலேயே கரைந்துவிடும். எனவே அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

சோலாங் கார் இல்லாதவருக்கு மிகச் சுலபமான இடம். பகல் விமானத்தில் டெல்லியில் இறங்கி, விமான நிலைய மெட்ரோவில் புதுடெல்லி வரை சென்று, மஞ்சள் தடத்துக்கு மாறினால் கஷ்மீரி கேட் பேருந்து நிலையம். மாலையில் புறப்படும் இமாசல அரசு வால்வோவில் ஏறிப் படுத்தால் காலையில் மணாலி, அங்கிருந்து சோலாங் பதினைந்து கிலோமீட்டருக்கும் குறைவு. இரவுப் பயணம் என்பதால் ஒரு நாள் அறை வாடகையும் மிச்சம். குறை என்னவென்றால் புதியவர் பழகும் சரிவு சிறியது, பனி நிற்பதும் நிச்சயமில்லை. டெல்லி, சண்டிகர், பஞ்சாப் பக்கத்திலிருந்து வெள்ளி மாலை கிளம்பி வரும் வண்டிகளால் சனி, ஞாயிறுகளில் சாலை திணறிவிடும். வாரநாளில் போவதன் பலன் மூன்று இடங்களிலும் அதிகமாகத் தெரிவது இங்குதான். செவ்வாய்க்கிழமைச் சோலாங்கும் ஞாயிற்றுக்கிழமைச் சோலாங்கும் வேறு வேறு ஊர்கள். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதையைக் கடந்தால் சிஸ்ஸு பக்கம் பனி கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அது விளையாடிப் பார்ப்பதற்கு ஏற்ற இடம், பாடம் கற்பதற்கு அல்ல.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது குல்மார்க். 2,650 மீட்டர் உயரத்தில் கிண்ணம் போல் விரிந்த புல்வெளி அது. கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய மென்சரிவில் புதியவர்கள் பழகலாம், பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓட்டலிலிருந்து நடந்தே போகலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு, மலையேற்றக் கழகம் இங்கேதான் இருக்கிறது. அதன் பயிற்சி வகுப்புகளுக்குக் குறித்த நாளில் சேர்ந்து குறித்த நாளில்தான் முடிக்க வேண்டும் என்பதால் உங்கள் ஷிப்டோடு பொருந்துவது கடினம்; பொருந்தினால் தயங்காமல் சேருங்கள், செலவும் குறைவு, ஒழுங்கும் உண்டு. பொருந்தாவிட்டால் சான்றிதழ் உள்ள தனிப் பயிற்றுநரை அமர்த்திக்கொள்ளலாம். அட்டையைக் காட்டச் சொல்லிப் பார்த்த பிறகே பேரம் பேசுங்கள். வாரநாளில் அவர்களுக்கும் ஓய்வு அதிகம் என்பதால் ஒருவருக்கு ஒருவர் என்று நாள் முழுவதும் கற்றுத் தருவார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து புறப்படுவதில் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் ஊருக்கு ரயில் நிலையம் கிடையாது; பெங்களூரு விமான நிலையமோ நகரத்தின் மறுகோடியில், தேவனஹள்ளியில் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர்தானே என்று கணக்குப் போடாதீர்கள், அந்த 90-ஐக் கடப்பதைவிட நகரத்தைக் குறுக்கே கடப்பதற்குத்தான் நேரம் பிடிக்கும். எலக்ட்ரானிக் சிட்டியிலோ சில்க் போர்டிலோ இறங்கி, விமான நிலையத்துக்குப் போகும் வாயு வஜ்ரா பேருந்தைப் பிடிப்பது ஒரு வழி. 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவில் பொம்மசந்திராவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறி, மெஜஸ்டிக்கில் வாயு வஜ்ரா ஏறுவது இன்னொரு வழி. ஓசூர் சாலை நெரிசலில் உட்கார்ந்திருப்பதைவிட இரண்டாவது வழிக்கு நேரம் நிச்சயம், ஆனால் மெட்ரோ இரவில் ஓடாது. காலை ஆறு, ஏழு மணி விமானம் என்றால் முந்தைய இரவே கிளம்பி விமான நிலையத்தில் காத்திருப்பதுதான் சரி. அப்படிக் காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம், நீங்கள் ஸ்ரீநகரில் இறங்கும் நேரம்தான் முழுப் பயணத்தின் முடிச்சு.

பெரும்பாலும் டெல்லியில் மாறித்தான் ஸ்ரீநகர் போக வேண்டியிருக்கும். மதியம் ஒரு மணிக்குள் இறங்கும்படி சீட்டு எடுங்கள். விமான நிலைய முன்கட்டண டாக்சி நிலையத்தில் அறிவிப்புப் பலகையில் எழுதிய கட்டணத்துக்கு, குல்மார்கின் அடிவாரத்தில் உள்ள தங்மர்க் வரையிலோ குல்மார்க் வரையிலோ போகலாம். நகரத்துக்குள் சென்றால் தங்மர்க்குக்கு ஷேர் சுமோவும் கிடைக்கும். மொத்தம் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். தங்மர்க் வரை சமவெளிச் சாலைதான். அங்கிருந்து மேலே உள்ள 13 கிலோமீட்டர்தான் உங்களை நிறுத்திவைக்கும். புதுப்பனி விழுந்த நாளில் சங்கிலி கட்டாத வண்டியைப் போலீசார் மேலே விட மாட்டார்கள். தங்மர்க்கில் உங்கள் டாக்சி ஓரங்கட்டும், நான்கு சக்கரமும் இழுக்கும் உள்ளூர் வண்டி ஒன்று வரும், அதன் ஓட்டுநர் சேற்றுப் பனியில் மண்டியிட்டு, சக்கரத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலியைப் போர்த்திக் கொக்கியை மாட்டுவார், பத்தடி நகர்த்தி இறங்கி மீண்டும் ஒருமுறை இறுக்குவார். அதுவரை உங்கள் பெட்டியோடு நீங்கள் குளிரில் நிற்பீர்கள். மாலை நான்கைத் தாண்டினால் வெயிலில் இளகிய சாலை மீண்டும் கண்ணாடியாக உறைந்துவிடும், கூலியும் ஏறும். மூன்று மணிக்கு மேல் இறங்கும் விமானமாக இருந்தால் அன்று ஸ்ரீநகரில் தங்கிவிட்டுக் காலையில் ஏறுவதே மேல். தங்மர்க்கில் அறை மலிவு என்று அங்கேயே தங்கித் தினமும் ஏறி இறங்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். சறுக்குபவர்களை மேட்டுக்கு ஏற்றும் லிஃப்டுகள் காலை பத்தையொட்டித் தொடங்கி மாலை நான்குக்குள் நின்றுவிடும் ஊரில் அந்த ஏற்ற இறக்கம் உங்கள் பாட நேரத்தில் கால்வாசியைத் தின்றுவிடும்.

ரயில் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். சேலம் வழியாகச் செல்லும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் வாரம் ஒருமுறை வைஷ்ணவ தேவி கத்ரா வரை போகிறது, ஆனால் போய்ச் சேர மூன்று நாள் ஆகும். 2025 ஜூன் 6-இல் கத்ரா–ஸ்ரீநகர் வந்தே பாரத் தொடங்கிய பிறகு, அங்கிருந்து காஷ்மீர்ப் பள்ளத்தாக்குக்கு மூன்று மணி நேரம் போதும். பனியால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும் நாளில் கத்ராவுக்கு இறங்கி, ஜம்முவிலிருந்து விமானம் பிடிக்க இது ஒரு மாற்று வழியாகிவிட்டது. முன்பு அப்படி மாட்டிக்கொண்டால் நெடுஞ்சாலை திறக்கக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. உங்களைப் போல நாட்களை எண்ணிச் செல்பவருக்குத் திரும்பும் வழியில் இது கைகொடுக்கும், போகும் வழியில் வேண்டாம்.

இதுவரை சொன்னவை ஏறத்தாழ உறுதியானவை. உறுதி இல்லாதது பனி. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரிகள் சில்லை கலான் என்பார்கள். பனி மலைபோல் குவிய வேண்டிய காலம் அது. ஆனால் 2024 ஜனவரியின் பெரும்பகுதி குல்மார்கில் வெறும் புல்தான் தெரிந்தது, மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025-இல் மத்திய அரசு நடத்தும் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டின் குல்மார்க் பகுதியையே பனி போதாமல் பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். அரசாங்கமே தேதி மாற்றும்போது நாம் எம்மாத்திரம். ஆகவே பொங்கல் விடுமுறையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்ற ஆசையை விட்டுவிட்டு, பிப்ரவரியின் இரண்டாவது, மூன்றாவது வாரங்களைக் குறியுங்கள். குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களையும் தவிர்ப்பது நல்லது. கூட்டமும் சோதனைகளும் கூடுதல். மேற்பார்வையாளரிடம் இரண்டு மாதம் முன்பே பேசி, அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் எதிலாவது ஒன்று என்று விடுப்புக்கு ஒப்புதல் வாங்கி வைத்துக்கொண்டு, பனிநிலவரம் பார்த்து இறுதி செய்யுங்கள். கடைசி நேரத்தில் விமானச் சீட்டு விலை ஏறும் என்பது உண்மைதான். ஆனால் நடுவாரச் சீட்டுகள் வெள்ளி, ஞாயிறு அளவுக்கு ஏறுவதில்லை, புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைவிட அந்தச் செலவு குறைவுதான்.

ஐந்து நாள் விடுப்பு கிடைக்கவே கிடைக்காது என்றால் நான் சொல்லும் மாற்று உங்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம்: துபாய். எமிரேட்ஸ் மாலுக்குள் 2005-இல் தொடங்கிய ஸ்கீ துபாய் என்ற கூரை போட்ட சறுக்குமிடம் இருக்கிறது. அதன் நீண்ட ஓட்டம் 400 மீட்டர். வெளியே எத்தனை வெயில் அடித்தாலும் உள்ளே உறைநிலைக்குக் கீழேதான். பெங்களூருவிலிருந்து நான்கு மணி நேர விமானம், விமான நிலையத்திலிருந்து மெட்ரோ சிவப்புத் தடத்தில் அந்த மாலின் பெயரிலேயே நிலையம், உடையும் பலகையும் அங்கேயே தருகிறார்கள். கார் இல்லாதவருக்கு இதைவிட நேரான வழி இமயமலையில் இல்லை. 2022 முதல் அங்கே வார விடுமுறை சனியும் ஞாயிறும் என்பதால் உங்கள் செவ்வாய், புதன் நல்ல வெறிச்சோடிய நாட்கள். புதியவரை அடிப்படைப் பாடம் முடிக்காமல் பெரிய சரிவில் விட மாட்டார்கள், அது நல்லதுதான். பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். நம் மாவட்டங்களில் வளைகுடாவில் உறவினர் இல்லாத வீடு குறைவு, தங்க இடம் அமைந்துவிட்டால் நான்கு நாள் பயணத்துக்கு இது ஒத்துவரும். மலையின் காற்றும் ஆழப்பனியும் அங்கே கிடையாது. ஆனால் இரண்டு விளிம்புகளில் நிற்கக் கற்றுக்கொண்டு பிறகு குல்மார்க் போனால், அங்கே முதல் இரண்டு நாள் மிச்சமாகும். பெங்களூரு மால்களில் உள்ள பனிப்பூங்காக்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை பிள்ளைகள் விளையாடுவதற்கு.

மலைமேல் ஏற்றிச் செல்லும் கேபிள் காரான குல்மார்கின் கோண்டோலா பற்றி ஒரு எச்சரிக்கை. முதல் கட்டம் சுமார் 3,050 மீட்டரில் உள்ள கொங்டூரி வரை, இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டரில் அஃபர்வத் மலையின் தோள் வரை போகும். பயணச்சீட்டை இணையத்தில் முன்பே எடுக்க வேண்டும். முதல் மூன்று நாள் உங்களுக்கு இரண்டுமே தேவையில்லை. இரண்டாம் கட்டத்தில் பலகையோடு ஏறுவது இந்தப் பயணத்தில் வேண்டவே வேண்டாம். மேலே இருப்பது செப்பனிட்ட சரிவு அல்ல, பனிச்சரிவு அபாயம் உள்ள திறந்த மலை. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் பிப்ரவரி மாதத்தில் அங்கே பனிச்சரிவில் சிக்கி வெளிநாட்டுச் சறுக்கர்கள் இறந்திருக்கிறார்கள், அவர்கள் தேர்ந்தவர்கள். கயிறு கட்டிய எல்லைக்கு அப்பால் யார் கூப்பிட்டாலும், எத்தனை குறைந்த கூலிக்கு வழிகாட்டி வந்தாலும், போகாதீர்கள்.

புதியவருக்கு வரும் உண்மையான ஆபத்து மணிக்கட்டில் இருக்கிறது. விழும்போது கை தானாகப் பின்னால் ஊன்றும், எலும்பு முறியும். மணிக்கட்டுக் காப்பை இங்கிருந்தே வாங்கிப் போங்கள், அங்கே வாடகைக்குக் கிடைப்பது அரிது. விழும்போது கைவிரல்களை மடக்கிப் பிடித்து முன்கையில் விழப் பழகுங்கள். தலைக்கவசம் கட்டாயம். அப்படியும் முறிந்தால் ஸ்ரீநகர் பர்சுல்லாவில் எலும்பு, மூட்டு சிகிச்சைக்கென்றே அரசு மருத்துவமனை இருக்கிறது. பயணக் காப்பீடு எடுக்கும்போது சாகச விளையாட்டுக்கு விலக்கு போட்டிருக்கிறார்களா என்று படித்துப் பாருங்கள், பெரும்பாலும் போட்டிருப்பார்கள். 2,500 மீட்டருக்கு மேல் சிலருக்கு மலைநோய் வரும் என்பதால் முதல் மாலை ஓடியாடாமல் தண்ணீர் நிறையக் குடியுங்கள். ஆஸ்துமாவோ ரத்த அழுத்தமோ இருந்தால் அதற்கு நான் பதில் சொல்லக்கூடாது, உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உடையில் பணத்தைக் கொட்டாதீர்கள். பலகை, பூட்ஸ், நீர்புகா மேலுடை எல்லாம் அங்கே வாடகைக்கு உண்டு, உள்நாட்டு விமானத்தில் பதினைந்து கிலோவுக்குள் அடங்கவும் அதுவே வழி. கையுறை மட்டும் சொந்தமாக, நீர் புகாததாக இருக்கட்டும். கம்பளிக் கையுறை ஒரு மணி நேரத்தில் நனைந்து விரலை மரக்க வைத்துவிடும். ஜீன்ஸும் பருத்திப் பனியனும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், வேண்டாம். கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வெயிலில் பனியைப் பார்த்தால் அன்றிரவே கண் எரியத் தொடங்கும். வாடகைக் கடையில் எந்தக் கால் முன்னே என்று கேட்பார்கள். வீட்டில் காலுறையோடு ஓடிவந்து வழவழப்பான தரையில் சறுக்கிப் பாருங்கள், தானாக முன்னே போகும் கால் எதுவோ அதைச் சொல்லுங்கள்.

உடல் தயாரிப்புக்கு உங்கள் ஊரிலேயே சையத் பாஷா மலை இருக்கிறது. கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பிருந்து ஷிப்ட் ஒத்துவரும் காலைகளில் கோட்டை வரை ஏறி இறங்குங்கள். ஏறுவதைவிட நிதானமாக, முழங்காலை மடித்தே இறங்குவதுதான் பலகைக்கு வேண்டிய தொடைத் தசையை உருவாக்கும். சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலியில் உட்கார்ந்தது போல் நிற்கும் பயிற்சியும் நல்லது.

பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட்தான் செய்யும். கோண்டோலா சீட்டுக்கும் வங்கிப் பரிமாற்றத்துக்கும் ஓடிபி வராவிட்டால் தவித்துப்போவீர்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே எண்ணைப் போஸ்ட்பெய்டாக மாற்றிவிடுங்கள், கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர்களுக்கு ஞாயிறுதான் விடுமுறை, அதனால் தனியாகத்தான் போக வேண்டியிருக்கும் என்று கடைசியில் தயங்கி எழுதியிருந்தீர்கள். பழகும் சரிவில் தனியாக இருப்பதில் தவறில்லை தம்பி. பயிற்றுநர் கூடவே இருப்பார், தனியாள் என்றால் ஷேர் சுமோவில் இடமும் சீக்கிரம் கிடைக்கும். ஓட்டல் வரவேற்பில் எந்தச் சரிவுக்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று தினமும் சொல்லிவிட்டுப் போங்கள், வீட்டுக்கும் மாலையில் ஒரு அழைப்பு போடுங்கள். காஷ்மீர் நிலவரம் பற்றிய அரசு அறிவிப்புகளைச் சீட்டு எடுக்கும் முன்பும் கிளம்பும் முன்பும் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த அன்றிரவே நைட் ஷிப்டுக்குப் பெயர் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கடைசிப் புதன் அதற்காகத்தான் காலியாக இருக்கிறது.